ஈரம் படக்கூடாத படகு

வீட்டுக்குள்ளேயே படகு கட்டுகிறவர்கள் என்று ஒரு ரகம் மனிதர்கள் இருக்கிறார்கள். தச்சர்களைச் சொல்லவில்லை. அவர்கள் கூலி வாங்கிக்கொண்டு, கட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிற நல்லவர்கள். மீன்பிடிக்கிறவர்களையும் சொல்லவில்லை. அவர்களுக்குப் படகு மிதந்தால் போதும். அது என்ன மரம் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் சொல்வது, மாதச் சம்பளத்துக்கு வேறு ஏதோ உருப்படியான வேலை பார்த்துக்கொண்டு, நீச்சல் தெரியாமல், ஆற்றையோ ஏரியையோ பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "மீன்பிடிக்க நாமே ஒரு சின்னப் படகு கட்டினால் என்ன?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டவர்களை. "ஒன்றும் வேண்டாம், போய்ப் படு" என்று பதில் சொல்ல அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அங்கேதான் பிடித்தது வினை.

இந்த ரகத்தில் எனக்கு மிகவும் நெருங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 'அவர்' என்றே சொல்கிறேன். 'நான்' என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. என் உள்ளங்கையில் ஏன் இத்தனை காய்ப்பு என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள். கதையைக் கேளுங்கள்.

அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் பொக்கை வாய்களில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு மாடியறையில், அச்சு வார்க்கும் மாவின் புழுதிக்கு நடுவே, ஒற்றை விளக்கின் கீழ் குனிந்து உட்கார்ந்து, அந்த வாய்களுக்குப் பல் அடுக்குவார். ஒரு நூல் கூடினால் பல்லுக்குச் சொந்தக்காரர் பேசும்போது விசிலடிக்கும். ஒரு நூல் குறைந்தால் தும்மும்போது செட் தட்டில் விழும். ஆகவே அவருக்கு வாழ்க்கையில் இரண்டே விதிகள். இடுக்கு இருக்கக் கூடாது. ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் எதுவும் ஒட்டாது என்பது அவர் தொழிலில் முதல் நாள் பாடம். இருபது வருஷமாக அந்தப் பாடம் அவரைக் கைவிட்டதில்லை. அதனால்தான் அவ்வளவு நம்பினார்.

மரம் வந்து இறங்கியது. இறங்கிய இடம் முன்னறை. அந்த முன்னறையில் அதுவரை இருந்தது அவர் மனைவியின் தையல் மிஷின். அந்த அம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கிறவர்; ஜன்னல் வெளிச்சத்துக்காகவே அந்த வீட்டைப் பார்த்துப் பிடித்தவர். "ஒரு மாசம்தான். அதுவரைக்கும் மிஷினைச் சமையல்கட்டுக்கு நகர்த்திக்கலாமா?" என்று இவர் கேட்டபோது, ஒரு மாசம்தானே என்று அவரும் தலையை ஆட்டிவிட்டார். இந்த ரகத்து மனிதர்களின் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாருமே ஒருநாள் அப்படித் தலையை ஆட்டியவர்கள்தான். அந்த ஒரு மாசம் மூன்று வருஷம் நடந்தது.

இவர்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களை நலம் விசாரிக்கும் முன் உங்கள் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். கதவு திறப்பதற்காகத் தட்டுவதல்ல. திறந்திருக்கிற கதவை, விரல் முட்டியால், காதை வைத்து. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் பெஞ்சைத் தடவி, "இந்தப் பலகை ஏன் இப்படி வளைஞ்சிருக்கு தெரியுமா?" என்று பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பிப்பார்கள்; பாவம், அவர் பாயசத்தோடு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவார். சட்டைப்பையில் பேனா இருக்காது, டேப் இருக்கும். தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் மரத்தூள் இருக்கும். அதைத் துடைத்துக்கொள்ள மாட்டார்கள். யாராவது "தலையில என்ன?" என்று கேட்க வேண்டாமா?

கேட்டால் போச்சு. விலாச்சட்டம் எப்படி வளைப்பது, பலகையோடு பலகை எப்படி முட்ட வேண்டும், ஆணி எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று, அந்தச் சாய்வைக் காட்டுவதற்காக உங்கள் தோள்பட்டையையே பலகையாக்கி, முக்கால் மணி நேரம். நடுவில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். எல்லாரும் கேட்கிற அதே கேள்வி: "அது சரி, வாசப்படி வழியா வெளிய வருமா?"

இந்தக் கேள்விக்காகவே இவர் காத்திருப்பார். முகத்தில் ஒரு பெருந்தன்மை பரவும். கதவையும் நிலையையும் கழற்றி, படகை ஒருக்களித்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல்கடை மிச்சம் இருக்கும் என்பதை, மரம் வாங்குவதற்கு முன்பே அட்டையில் மாதிரி வெட்டி, அந்த அட்டையை வாசல் வழியாகப் பதினேழு தரம் வெளியே கொண்டுபோய் உள்ளே கொண்டுவந்து பார்த்தவர் அவர். நீங்களும் அந்த விபத்தைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏமாந்தீர்கள். அது நடக்கவில்லை. இந்த ரகத்து மனிதர்கள் மற்றவர்கள் யோசிக்கிற தப்பைச் செய்யவே மாட்டார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு தப்பு வைத்திருப்பார்கள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் படகு என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஒன்று அறையில் நின்றது. மூக்கும் முழியுமாக, நிஜமாகவே அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பார்க்க வந்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். மனைவியின் தம்பி, டெம்போ ஓட்டுகிறவர், வண்டியோடு வந்து நின்று, "அத்தான், ஏத்திரலாமா?" என்று கேட்டார். அன்றைக்கே ஏற்றியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"இன்னொரு கோட்டிங் பாக்கி இருக்கு மாப்ளே" என்றார் இவர்.

பதினொரு கோட்டிங் வார்னிஷ் ஆயிற்று. ஒவ்வொரு கோட்டிங்குக்கும் முன்னால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பு. தேய்த்த பிறகு காய வைப்பு. மின்விசிறி இரவும் பகலும் படகுக்குச் சுழன்றது. வீட்டில் மனுஷர்கள் அட்டையை விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழைக்காலம் வந்தால் படகின் வயிற்றுக்குள் இரண்டு குண்டு பல்பு எரியும். முன்னறையைத் தண்ணீர் ஊற்றித் துடைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டார். நனைந்த குடையோடு யாரும் உள்ளே வரக் கூடாது. குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் படகுப் பக்கம் போனதற்காகக் கட்டின மனைவியையே ஒருநாள், "தள்ளிப் போயேன், சொட்டுது பாரு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் பேச்சு இல்லை. அதையும் இவர் படகு வேலைக்கு நல்ல நேரம் என்றே எடுத்துக்கொண்டார்.

இப்படிக் காயக் காய, பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை போலக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. இடுக்கு! பல்செட்காரருக்குச் சொல்ல வேண்டுமா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, பல்செட் வேலைக்கு வைத்திருந்த சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கோட்டிலும் மக்கு என்கிற அடைப்புப் பசையைத் திணித்து, மேலே தேய்த்து, மறுபடி காய வைத்தார். காய்ந்தால் பக்கத்தில் புதுக்கோடு. அதற்கும் மக்கு. மீன்பிடி படகுக்கு உலகத்திலேயே முதன்முறையாகச் சொத்தைப் பல் அடைத்தவர் அவராகத்தான் இருப்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பயம். படகு முன்னறையில் நிற்கும்வரை அது மூழ்காது. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் இறக்கிவிட்டால் அப்புறம் அது வெறும் படகு, நல்லது கெட்டது உடனே தெரிந்துவிடும். "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "படகு கட்டறேன்" என்று சொல்வதில் இருக்கிற மிடுக்கு, "கட்டினேன், முங்கிப்போச்சு" என்பதில் வருமா? இதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாம் வருஷம் மனைவிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு பள்ளிக்கூடம் முழுக்க யூனிபார்ம். முந்தின வருஷமும் இதே மாதிரி ஒன்று வந்து, துணி விரித்து வெட்ட இடமில்லாமல் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் மிஷினைப் போட்டு, முழங்கை சுவரில் இடிக்க இடிக்கத் தைத்துக்கொண்டிருந்தவர் இந்தத் தடவை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. ஒரு விஷயத்தைத் தெரிவிக்க வந்தார்.

"ஏங்க, ஒண்ணாந்தேதி எனக்கு இந்த ரூம் வேணும். துணிக்கட்டு வந்து இறங்குது. அதுக்குள்ள இது ஏரிக்குப் போகணும். இல்லேன்னா நான் விறகுக்கடைக்காரருக்கு ஆள் அனுப்பிருவேன்."

இவர், விறகு என்ற வார்த்தையைப் படகின் எதிரிலேயே சொல்லிவிட்டாளே என்று அதன் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்த்தார். பிறகு, அடிப்பக்கம் ஒரே ஒரு கோட்டிங் மட்டும் என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் அதற்குள் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். மிஷின் ஓடுகிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

ஆக, மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை கதவும் நிலையும் கழன்றன. நாலு நாலு விரல்கடை சொன்னபடி மிச்சம் இருந்தது. தெருவே கூடி நின்று, "அட, வந்துருச்சே!" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது. மைத்துனர் டெம்போவில் ஏற்றினார். மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். இவர் பின்னால் படகோடு உட்கார்ந்து, வழியெல்லாம் பள்ளம் வரும்போது அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஏரிக்கு வந்து சேர்ந்தார். முகத்தில் தலைகால் புரியாத பெருமை.

ஏரிக்கரையில் ஏழெட்டுப் படகுகள் கிடந்தன. எல்லாம் தார் பூசி, நசுங்கி, ஒன்றில்கூட இரண்டு பலகை ஒரே நிறமில்லாமல் இருந்தன. அவற்றைப் பார்த்து இவருக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிச்சுப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு அம்மா, பளபளவென்று வந்து இறங்கின இந்தப் படகைப் பார்த்தார். மறுபடி வலையைப் பார்த்தார்.

இறக்கினார்கள். மிதந்தது. இவர் கையைத் தலைக்குமேல் தூக்கப் போனார். பாதி தூக்கியவர் அப்படியே நின்றார். எந்த இடத்திலிருந்து என்று சொல்ல முடியாதபடி எல்லா இடத்திலிருந்தும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. பொங்கி வரவில்லை, பீறிடவில்லை. ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் நிதானமாக, அது தன் வீடு என்பது போல வந்தது. மக்கு வைத்த இடங்கள் அத்தனையிலும் கசிவு. நாலு நிமிஷத்தில் கணுக்கால் அளவு ஆகிவிட்டது.

"தூக்கு மாப்ளே, தூக்கு! வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்!" என்று அவர் கத்தினார். மூன்று வருஷம் என்று முணுமுணுத்தார். இடுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு, இன்னும் ஆறே மாசம், எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு முதல்ல இருந்து அடைச்சிருவேன் என்று படகிடமா மனைவியிடமா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே அதைக் கரைக்கு இழுத்தார்.

வலைக்கார அம்மா எழுந்து வந்தார். பலகை நடுவே விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். எத்தனை நாளாகக் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டார். மூன்று வருஷம் என்று இவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அந்த நிலைமையிலும் குரலில் ஒரு துளி பெருமை இருந்தது.

"மரம் என்ன துணியா, காயப்போட்டு மடிச்சு வைக்க? தண்ணி குடிச்சாத்தான் பலகை ஊதி வாயை மூடிக்கும். கல்லைப் போட்டு முக்கி வைங்க, மூணு நாள் கெடக்கட்டும்." சொல்லிவிட்டு உள்பக்கப் பளபளப்பை ஒரு தரம் தடவிப் பார்த்தார். "உள்ளயும் பூசி வச்சிருக்கீங்களா? அப்ப நாலு நாள்."

முக்கி வைப்பதா? அவரே, அவர் கையால்? தண்ணீர் சொட்டுகிற குடையை அண்டவிடாத அந்தப் படகை? மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று மூன்று வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், இந்தக் கரைக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். அவர் வரவில்லை. வந்தால் யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று வரவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சிவந்தது. அப்போதும் கை படகின் விளிம்பை விடவில்லை. கல்லைப் போட்டால் அடிப்பலகை பிளந்துவிட்டால் என்ன செய்வது, எல்லாமே கெட்டுப்போய்விட்டால் என்ன செய்வது என்று குழந்தை மாதிரிக் கேட்டார்.

மனைவி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார்.

"கெட்டுப்போனா போகட்டுங்க. தண்ணியில கெடந்து கெட்டுப்போகட்டும். ரூம்ல நல்லா இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

அவரே குனிந்து ஒரு கல்லை எடுத்துப் படகுக்குள் வைத்தார். போடவில்லை, வைத்தார். அதைப் பார்த்த பிறகு இவரும் ஒன்றை எடுத்தார். பதினொரு கோட்டிங் வார்னிஷ்மேல் கல் உரசுகிற சத்தம் ஒவ்வொன்றும் அவர் பல்லில் கேட்டது. முப்பது கல்லுக்குப் பிறகு விளிம்பு மட்டும் ஒரு விரல் தெரிய, படகு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டது.

அந்த நாலு நாளை எப்படிக் கழித்தார் என்று கேட்காதீர்கள். வேலையில் ஒரு பெரியவரின் மேல் பல்லையெல்லாம் கீழ்த் தட்டில் அடுக்கி, அதற்கு மெருகும் போட்டு டாக்டருக்கு அனுப்பிவிட்டார். தினம் காலையில் முதல் பஸ் பிடித்து ஏரிக்கு வந்து, விளிம்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்கு ஓடினார். வீட்டில் முன்னறையை மனைவி நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். மிஷின் ஜன்னலோரம் வந்துவிட்டது. வெட்டுமேசை வந்துவிட்டது. துணிக்கட்டு வந்து இறங்கிவிட்டது. இவர் சாயங்காலம் வந்து, பழக்கதோஷத்தில் உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, தேய்க்க எதுவும் இல்லாமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் கல்லையெல்லாம் எடுத்து, வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். பலகைகள் ஊதி ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டிருந்தன. அவர் மூன்று வருஷம் திணித்த மக்கு அத்தனையும் நாக்கு நீட்டிய மாதிரி வெளியே பிதுங்கி, கை பட்டதும் உதிர்ந்தது. படகைத் தள்ளி ஏறி உட்கார்ந்து, அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தண்ணீர் வருவதற்காகக் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. வரவே இல்லை. அவர் அழுதுவிட்டார். வார்னிஷ் நெடி கண்ணில் பட்டுவிட்டது என்றார். நாலு நாள் தண்ணீரில் ஊறின படகில் ஏது நெடி? மனைவியும் எதிரில் ஏறி உட்கார்ந்தார்.

துடுப்புப் போடத் தெரியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. படகு நின்ற இடத்திலேயே மூன்று தரம் சுற்றியது. நாலாவது சுற்றில் மனைவி சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து இவர் பார்த்து வெகுநாளாகிவிட்டது. கரையிலிருந்து மைத்துனர் கத்தினார்: "அத்தான், மீன் எங்கே?"

மீனா? இவர் மனைவியைப் பார்த்தார். மனைவி இவரைப் பார்த்தார். மூன்று வருஷமாக, பதினொரு கோட்டிங் போட்டு மீன்பிடி படகு கட்டியவர் ஒரு தூண்டில் வாங்கவில்லை.

அன்றைக்கு மீன், வலைக்கார அம்மாவிடம் விலைக்கு வாங்கியதுதான். திரும்பி வரும்போது டெம்போவில் பாதி வழியில் இவர் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கடையில விக்கிற தூண்டில் ஒண்ணுலயும் தரமே இல்லம்மா. நல்ல மூங்கிலாப் பாத்து, அனல்ல வாட்டி, நாமளே செஞ்சா என்ன?"

"எங்க வச்சுச் செய்வீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, வெகு நியாயமான குரலில் சொன்னார்: "சமையல்கட்டுலதான் இப்ப இடம் காலியா இருக்கே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்குத்தானே சொன்னேன். "என் வீட்டில் ஏது படகு, எனக்கும் மரத்துக்கும் ஏழாம் பொருத்தம்" என்றும் நினைத்துக்கொள்கிறீர்கள். படகு மரத்தால்தான் இருக்க வேண்டுமா என்ன? பத்து வருஷமாகத் திருத்திக்கொண்டே இருக்கிற புத்தகமாக இருக்கலாம். இன்னும் நாலு பாகம் வந்தால் ஓடிவிடும் என்று பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். தனக்குள்ளே தேடினால் இந்த வியாதி தெரியாது, அவருக்கும் தெரியவில்லை. ஆகவே உங்களைப் பார்த்துக்கொள்ளாதீர்கள். எழுந்துபோய், உங்களோடு இருக்கிறவர் இப்போது எந்த மூலையில், எதில் முழங்கை இடிக்க உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். கேட்கக்கூட வேண்டாம். நீங்கள் வாசலில் வந்து நிற்கிறதைப் பார்த்ததும், "இப்ப எதை நகர்த்தணும்?" என்று அவரே கேட்பார்.